வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுநர் காலடியில் இருப்பது போலவே அவருடைய வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. புதிதாக வருகிறவர்கள் பயந்து பயந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது, "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, என் காலுக்குக் கீழயும் ஒண்ணு இருக்கு" என்பார். அதில் பாதி பயம் போய்விடும். மீதியை அவர் திட்டியே போக்கிவிடுவார்.

நானும் அவரிடம் திட்டு வாங்கிப் பழகியவள்தான். உரிமம் கையில் வந்த பிறகும் சிநேகம் விட்டுப்போகவில்லை. இங்கே சொல்வதெல்லாம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் வண்டியை மர நிழலில் ஓரங்கட்டிவிட்டு அவரே துண்டு துண்டாக என்னிடம் சொன்னது.

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது அவருக்கு. வாட்டசாட்டமான உடம்பு. குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். கணவர் லிப்ட் மெக்கானிக். அக்கா பேசுவதற்கும் சேர்த்து அந்த மனிதர் பேசாமல் இருப்பார். "எங்க வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரணும்னா லிப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கணும்" என்று அக்கா சொல்வார். பிள்ளைகள் இல்லை. ஆனால் ஒரு தங்கை இருந்தாள். அம்மா புற்றுநோயில் போனபோது தங்கைக்குப் பள்ளிக்கூட வயது. அக்கா அப்போதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை படித்து நர்ஸ் ஆனாள். யாரிடமாவது அறிமுகம் செய்யும்போது, "என் தங்கச்சி" என்று தொடங்கி, "பொண்ணுனே வச்சுக்கங்க" என்று முடிப்பார்.

ஒருநாள் காலை வண்டியில் ஏறி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபோது, பட்டை குறுக்காகப் போகிற இடத்தில், மார்பில், என்னவோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. பெல்ட்டைத் தளர்த்தி விரலால் தொட்டுப் பார்த்தார். நகரவில்லை. ஓட்டப் பழக வந்தவரிடம், "இன்னிக்கு வகுப்பு வேணாம், வயிறு சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தார்.

தங்கை வேலை பார்த்த மருத்துவமனையிலேயே எல்லாம் நடந்தது. எந்தக் கவுன்ட்டரிலும் அக்கா வரிசையில் நிற்கவில்லை. எந்த அறைக்குப் போனாலும் தங்கை முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். அறுவை செய்த மருத்துவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த பெரியவர். "சிஸ்டரோட அக்காவா? அப்ப நம்ம வீட்டு ஆளாச்சே" என்று சிரித்தார். அதன் பிறகு எதுவானாலும் அவர் தங்கையைக் கூப்பிட்டுத்தான் சொன்னார். தங்கை வந்து அக்காவிடம் சொன்னாள். அதை அக்கா பெரிய பாக்கியமாக நினைத்தார். மற்ற நோயாளிகள் டாக்டரின் முகத்தைப் பார்க்கத் தவம் கிடக்கும்போது தனக்கு மட்டும் வீட்டு ஆள் வந்து வீட்டு மொழியில் சொல்கிறாளே என்று.

கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வந்த அன்று தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சின்னக் கட்டிதான்க்கா. பட்டாணி அளவு. அக்குள் பக்கம் எங்கயும் பரவல. கொஞ்ச நாள் ரேடியேஷன், அப்புறம் தினம் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்."

"கீமோ?"

"வேணாம்க்கா. உனக்கு அது தேவையே இல்ல."

அக்காவுக்கு உயிர் வந்தது. அம்மாவுக்கு அந்தக் கீமோ மருந்து ஏற்றிய நாட்களை அவர் மறக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம், வார்டைத் துடைக்க வந்தவரிடம், தேநீர் கொண்டுவந்தவரிடம், எல்லோரிடமும் "பட்டாணி" என்று விரலைக் குவித்துக் காட்டினார். கணவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார். அவர் தோள் குலுங்கியது. ஆனந்தத்தில் அழுகிறார் என்று நினைத்தார் அக்கா.

அதற்குப் பிறகு வந்த மூன்று வருடங்கள்தான் தன் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை. அதுவரை கணவருக்கு வேலைதான் எல்லாம். எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுகிற மனிதர், விடுமுறை நாளில் போனை அணைத்துவைக்கத் தொடங்கினார். காலையில் எழுந்து காபி போட்டுக் கொடுத்தார். முதல் சில வாரம் அது காபியாக இல்லை, ஆனாலும் அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். கடலைப் பார்க்கப் போகலாம் என்று கல்யாணமான புதிதிலிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் "அடுத்த வருஷம்" என்ற பதில்தான் வந்திருக்கிறது. இப்போது அவராகவே பயணச்சீட்டோடு வந்து நின்றார். கடற்கரையில் அக்காவை நிற்கவைத்துப் படம் எடுத்தார். போனைத் தொடவே சலித்துக்கொள்கிறவர், அக்கா தூங்கும்போது, தலை துவட்டும்போது, பழக வந்தவர்களைத் திட்டும்போதுகூட எடுத்தார்.

"சாவு ஒரு தடவை வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனா மனுஷன் திருந்திடுறான் பாரு" என்று அக்கா என்னிடமே சொல்லியிருக்கிறார். வெட்கமும் பெருமையுமாக.

தங்கையும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஸ்கேன் எடுக்க வைப்பாள். "நல்லா இருக்கிறவளுக்கு எதுக்குடி இவ்வளவு?" என்று கேட்டால், "ஊழியர் குடும்பத்துக்கு இது சலுகைக்கா, விட்டா வீணாப் போயிடும்" என்பாள். சலுகையை வீணாக்குவது அக்காவுக்குப் பிடிக்காது. போய்விட்டு வருவார்.

மூன்றாவது வருடக் கடைசியில் ஒரு டாக்டரம்மா ஓட்டப் பழக வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. உரிமத் தேர்வில் வேறொரு ஓட்டுநர் பள்ளி மூலம் போய்த் தோற்றுவிட்டு, யாரோ சொல்லி இங்கே வந்திருந்தார். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் வலப்பக்க விளக்கைப் போடுவார்.

"என்ன டாக்டர் நீங்க? அவ்வளவு பெரிய பஸ்ஸு வருது, தெரியலையா?"

"சின்னதா இருந்தாத்தான் எனக்குக் கண்ணு தெரியும்" என்றார் அவர். "என் வேலை அப்படி."

"என்ன வேலை? நாடி பிடிக்கிறதா, கத்தி பிடிக்கிறதா?"

"ரெண்டும் இல்ல. நான் நோயாளி முகத்தையே பார்க்கிறது கிடையாது. ஆபரேஷன்ல வெட்டி எடுத்ததை மெல்லிசா சீவி, சாயம் ஏத்தி, மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பார்ப்பேன். என்ன நோய், எந்த அளவுனு சொல்லி அனுப்புவேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னார். அக்காவின் தங்கை வேலை பார்க்கிற இடம்தான்.

"அப்ப என்னையும் பார்த்திருப்பீங்க!" அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "என்னோடதை அங்கதான் எடுத்தாங்க. சின்னது. பட்டாணி."

டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு வண்டியைத் தட்டுத்தடுமாறி ஓரங்கட்டியபடியே சொன்னார்: "சின்னதுனா சந்தோஷம்தான். ஆனா கட்டி எவ்வளவு பெருசுங்கிறது மட்டும் கணக்கு இல்ல. நான் கட்டியைச் சுத்தி இருக்கிற திசுவையும் உத்துப் பார்ப்பேன். கட்டி தனியா வளராது. அக்கம்பக்கம் இடம் கொடுத்தாத்தான் வளரும்."

"புரியலையே."

"கட்டியைச் சுத்தி நார்நாரா இருக்கும். சில பேருக்கு அந்த நார் கட்டியைச் சுத்தி மதில் மாதிரி வளைஞ்சு கிடக்கும். உள்ள இருக்கிறது உள்ளயே கிடக்கும். சில பேருக்கு அதே நார் கட்டி ஓரத்திலிருந்து நேரா வெளியே நீட்டிட்டு நிக்கும். ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. கெட்ட செல் அந்த ரோட்டைப் பிடிச்சு நடந்து போயிடும். அப்புறம் நம்ம உடம்போட காவல்கார செல்கள். அதுங்க கூட்டமா கட்டிக்குள்ள புகுந்திருக்கா, இல்ல வெளியவே கையைக் கட்டிட்டு நிக்குதாங்கிறதும் முக்கியம். கட்டி ஒரே அளவுதான் இருக்கும், ஆனா ஒருத்தருக்குத் திரும்ப வராது, இன்னொருத்தருக்கு வந்துடும். ஏன்னு பார்த்தா பல சமயம் பதில் கட்டிக்குள்ள இருக்காது, சுத்தி இருக்கும்."

ரோடு என்றதும் அக்காவுக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டது. ஆசையும் வந்துவிட்டது. "என்னோடதைப் பார்க்க முடியுமா? பழைய போட்டோ பார்க்கிற மாதிரி?"

"அந்தக் கண்ணாடித் துண்டெல்லாம் பத்திரமா இருக்கும். நீங்க எழுதிக் கேட்டா, எங்க தலைமை டாக்டர்கிட்ட அனுமதி வாங்கிக் காட்டுறேன்."

அப்படித்தான் ஒரு பகல் பொழுதில், பழைய போட்டோ பார்க்கிற உற்சாகத்தோடு, அக்கா அந்த அறைக்குப் போனார். போகிற வழியில் தங்கையிடம் சொல்லவில்லை. அன்று அவளுக்கு அறுவை அரங்கில் வேலை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தார்.

சின்ன அறை. மருந்து நெடி. மேசை முழுக்கத் தட்டுத்தட்டாகக் கண்ணாடித் துண்டுகள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் பார்க்கிற மாதிரியான நுண்ணோக்கி ஒன்று இருந்தது. அக்கா கண்ணை வைத்தார். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு உலகமே விரிந்தது.

"அழகா இருக்கே" என்றார்.

எதிர்ப்பக்கத்தில் டாக்டரம்மா கண்ணாடித் துண்டை நகர்த்தினார். காட்சி மெதுவாக நகர்ந்தது. ஊதாத் திட்டு போய், அதன் ஓரம் வந்தது. இளஞ்சிவப்பு இழைகள், சீப்பால் வாரிவிட்டது போல, எல்லாம் ஒரே பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டாக்டர், இது மதில் மாதிரி இல்லையே."

டாக்டரம்மா கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "இது எனக்கு ஞாபகம் இருக்கு. பேரு தெரியாது, ஆனா இந்த ஓரம் ஞாபகம் இருக்கு." தயங்கினார். "இந்த மாதிரி பார்க்கிறது அப்ப எங்களுக்கே புதுசு. அதனால எழுதி அனுப்புறதோட விடாம, ஆபரேஷன் பண்ண சர்ஜனுக்கு நானே போன் பண்ணேன். கட்டி சின்னதா இருந்தாலும் சுத்துப்புறம் நல்லா இல்ல, திரும்ப வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம், கீமோ பத்தி இவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்கனு சொன்னேன்."

"எங்கிட்ட யாரும் பேசலையே."

"பேசினதாத்தான் பதில் வந்துச்சு. நோயாளி யோசிச்சுப் பார்த்துட்டு வேணாம்னு சொல்லிட்டாங்கனு."

"யாரு?"

"நீங்க."

அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். தன் வாயிலிருந்து வராத ஒரு வார்த்தை, தன் வார்த்தையாக இந்தக் கட்டடத்தில் மூன்று வருடமாக இருந்திருக்கிறது. அந்த வார்த்தையை யார் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்க அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அந்த மருத்துவமனையில் அவர் சார்பாகப் பேசியது ஒரே ஒரு ஆள்தான்.

டாக்டரம்மா எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "நான் உங்களை நேர்ல கூப்பிட்டிருக்கணும்" என்றார். அக்கா அந்தக் கையை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தார். "உங்க மேல கோபம் இல்ல டாக்டர். என்கிட்ட உண்மையைச் சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

வீட்டுக்குப் போனபோது கணவர் சமையலறையில் நின்று கேரட் சீவிக்கொண்டிருந்தார். அன்று விடுமுறை எடுத்திருந்தார். அப்போதெல்லாம் அவர் அடிக்கடி விடுமுறை எடுப்பார். அக்கா வாசற்படியிலேயே நின்றார்.

"என் கட்டியைச் சுத்தி என்ன இருந்துச்சுனு உங்களுக்குத் தெரியுமா?"

எந்தக் கட்டி என்று அவர் கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. கத்தியைப் பலகையில் வைத்தார். அதிலேயே அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"உன் தங்கச்சிதான் வேணாம்னா" என்றார். "அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவ சொன்னா, மாமா, கீமோவுல அக்கா உடைஞ்சு போயிடுவா, அம்மா மாதிரி ஆயிடுவா. கொடுத்தாலும் பெருசா பலன் இருக்குமான்னு தெரியாது. இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்னு..."

"இருக்கிற வரைக்கும்."

அந்த இரண்டு சொற்கள் நழுவியிருக்கக் கூடாது என்று கணவருக்கே அப்போதுதான் உறைத்தது.

அக்கா அங்கேயே நின்றபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற தோள். காலைக் காபி. கடல். தூங்கும்போது எடுத்த படங்கள். எதுவுமே அவர் நினைத்தது இல்லை. "நான் பிழைச்சு வந்துட்டேன்னு இவர் என்னைக் கொண்டாடுறார்னு நினைச்சேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "இவர் என்னை வழியனுப்பிட்டு இருந்திருக்கார். மூணு வருஷமா கையைக் காட்டிட்டு நின்னிருக்கார். நான் என்னடான்னா பதிலுக்குச் சிரிச்சுட்டு நின்னிருக்கேன்." சொல்லிவிட்டு வண்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கடற்கரையில் எடுத்த படம் சட்டம் போட்டு அவர்கள் கூடத்தில் மாட்டியிருந்தது. அன்று சாயங்காலமே அதைக் கழற்றிச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அலமாரி இடுக்கில் வைத்தார். கிழிக்க மனம் வரவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

மறுநாள் தங்கையை மருத்துவமனை வாசலிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஓட்டப் பழக்கும் வெட்டவெளி மைதானத்துக்குப் போனார். ரிவர்ஸ் பழகுவதற்காக நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தினார். அக்காவின் கணவர் அவளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போலும். தங்கை ஏறும்போதே கண் வீங்கியிருந்தது.

"நான் வேணாம்னு சொன்னேனா?" என்று கேட்டார் அக்கா.

"அக்கா..."

"சொன்னேனா, இல்லையா?"

"நீ சொல்லல."

"அப்புறம் என் வாயை நீ எப்ப எடுத்துட்டுப் போன?"

தங்கை அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் பேசினாள். "அம்மாவுக்கு மருந்து ஏத்தினப்ப நீ வேலைக்குப் போயிடுவ. ஸ்கூல் விட்டு வந்து கூட உட்கார்ந்தது நான். வாந்தியைப் பிடிச்சது நான். முடி கொத்துக் கொத்தா கையோட வந்தப்ப என்னைப் பார்த்து அம்மா சிரிச்சா, நான் பயந்துடக் கூடாதுனு. கடைசியில மருந்துதான் அவளைத் தின்னுச்சு, நோய் இல்ல. அது உனக்கும் நடக்கணுமா? என்னால முடியலக்கா. இன்னொரு தடவை என்னால முடியாது."

"உன்னால முடியாதுங்கிறதுக்காக, என்னால முடியாதுனு சொல்லிட்டு வந்தியா?"

"நான் உன்னைக் காப்பாத்தத்தான் பார்த்தேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்க வச்சேன்ல? ஒவ்வொரு தடவையும் பதில் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது, தெரியுமா?"

"சலுகைனு சொன்ன."



அக்காவின் குரல் அன்று உயரவே இல்லையாம். அதுதான் தனக்கே பயமாக இருந்தது என்றார். "நான் ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். பக்கத்துல எனக்கு ஒரு பிரேக் இருக்குனு அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுவேன். நீங்க ரெண்டு பேரும் என் வண்டியில ஒண்ணை மாட்டிட்டு, சொல்லாமயே மிதிச்சுட்டு இருந்திருக்கீங்க. நான் என்னவோ நானே ஓட்டிட்டுப் போறதா நினைச்சுட்டு..."

"மன்னிச்சுடுக்கா."

"எதைனு மன்னிக்கிறது? கீமோ எடுத்திருப்பேனா, மாட்டேனானு எனக்கே தெரியல. எடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. நானும் அம்மாவை நினைச்சு பயந்து வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அது இனிமே எனக்குத் தெரியவே தெரியாதுடி. அன்னிக்கு நான் யாருனு எனக்குத் தெரிய விடாம பண்ணிட்ட."

தங்கையை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு அவள் ஜன்னல் வழியாக ஏதோ சொல்லக் குனிந்தாள். அக்கா வண்டியை எடுத்துவிட்டார்.

அந்த வாரமே அவர் தனியாகப் போய்ப் புற்றுநோய் மருத்துவரைப் பார்த்தார். பழைய சர்ஜன் ஓய்வு பெற்றுப் போய்விட்டிருந்தார். இருந்திருந்தாலும் அவரிடம் போய்ச் சண்டை போட அக்காவுக்குத் தெம்பு இல்லை. புதியவர் இளைஞர், அவசரப்படாதவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இப்ப எடுக்கலாமா அந்த மருந்தை?" என்று கேட்டார் அக்கா.

"இப்ப கொடுக்கிறதுல அர்த்தம் இல்லம்மா. ஆபரேஷன் முடிஞ்ச கையோட, கண்ணுக்குத் தெரியாம எங்கயாவது மிச்சம் இருந்தா அழிக்கத்தான் அது. அந்த நேரம் போயிடுச்சு. இப்ப நோய் இருக்கிற மாதிரி எந்த அறிகுறியும் இல்ல. மாத்திரையை விடாம போடுங்க. தவறாம பரிசோதனைக்கு வாங்க."

"அன்னிக்கே எடுத்திருந்தா?"

"திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். எவ்வளவுனு உங்க ஒருத்தரை வச்சு யாராலயும் சொல்ல முடியாது."

"அந்த நார் அப்படி நீட்டிட்டு நிக்கிறவங்க எல்லாருக்கும் வந்துடுமா?"

"இல்லவே இல்ல. அது ஒரு எச்சரிக்கை, தீர்ப்பு இல்ல. நிறைய பேர் நல்லா இருக்காங்க. நீங்களே இவ்வளவு நாள் நல்லா இருக்கீங்களே."

அந்த நல்ல பதிலைக் கேட்டும் அக்காவுக்கு ஆறுதல் வரவில்லை. எச்சரிக்கை என்றால் ஓட்டுகிறவனுக்குத்தானே காட்ட வேண்டும் என்றுதான் தோன்றியது. வெளியே வருவதற்கு முன் ஒரே ஒரு விஷயம் கேட்டார். இனிமேல் தன்னைப் பற்றிய எதையும், நல்லதோ கெட்டதோ, தன்னிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். வேறு யார் வந்து என்ன உறவு சொல்லிக் கேட்டாலும் சொல்லக் கூடாது. மருத்துவர் சரி என்றார். "ஊழியரா இருந்தாலும்" என்றார் அக்கா. "யாரா இருந்தாலும்மா" என்றார் அவர்.

வீட்டில் அக்கா படுக்கையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டார். காலைக் காபியைத் தானே போட்டுக்கொண்டார். கணவர் போடுவதை அவர் குடிக்கவில்லை. அது அப்படியே ஆறிக் கிடக்கும். கணவர் அதை எடுத்துக் கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவி வைப்பார். மறுநாளும் போடுவார். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், "நான் போட்டது நடிப்பு இல்ல" என்றாராம். "தெரியும்" என்றார் அக்கா. "அதான் இன்னும் வலிக்குது."

என்னிடம் வந்து, "விட்டுட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்டார். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "எங்க போறது? என்னை ஏமாத்துனதும் அவங்கதான். எனக்கு முடியாம போனா தண்ணி கொடுக்கப் போறதும் அவங்கதான். வேற யாரு இருக்கா? எதிரியா இருந்தா சண்டை போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்."

அடுத்த ஸ்கேன் வந்தது. இந்த முறை கையைப் பிடித்து இழுத்துப் போக யாரும் இல்லை. அக்கா தானே நாள் கேட்டு, தானே வரிசையில் நின்று, தானே பெயரைச் சொன்னார். இடைவழியில் தங்கை தூரத்தில் நின்று பார்த்தாள். கிட்டே வரவில்லை. மருத்துவர் அக்காவை உட்காரவைத்து முடிவை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலில் நின்றிருந்தார். வேலைக்குப் போகவில்லை.

"என்ன சொன்னாங்க?"

அக்கா செருப்பைக் கழற்றினார். "பார்த்தாங்க" என்றார். உள்ளே போய் முகம் கழுவினார். தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கணவர் எதிரே உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு அக்கா கொஞ்சம் படுத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நடப்பதும் நிற்பதும் கேட்டது.

"அந்த மத்தியானம் முழுக்க நான் சொல்லல" என்று அக்கா என்னிடம் சொன்னார். "வேணும்னேதான் சொல்லல. எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா? வாயை மூடிக்கிட்டா போதும். அதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரமா வந்துச்சு. இவ்வளவு சுலபமான ஒண்ணைப் பண்ணிட்டு, பெரிய பாரத்தைச் சுமந்த மாதிரி ரெண்டு பேரும் அழுதாங்களே."

சாயங்கால வகுப்புக்கு நேரமானது. அக்கா சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கணவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரே மத்தியானத்தில் வயதாகிப் போனவர் போல இருந்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார் அக்கா. "சுத்தமா இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க."

கணவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அழுகைச் சத்தம் வந்தது. முன்பென்றால் அக்கா ஓடிப்போய் அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருப்பார். இப்போது நின்ற இடத்திலேயே நின்றார். அந்த அழுகை எவ்வளவு உண்மை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை.

"அவளுக்கு வேணும்னா நீங்க சொல்லிக்கங்க" என்றார். "நான் சொல்றதா இல்ல."

தெருவில் ஓட்டப் பழக வந்தவர் ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையை எடுங்க அதிலிருந்து!" என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டே அக்கா படியிறங்கினார்.